வக்கீலம்மாவின் பாதி முகம்

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு அந்த வக்கீல் வந்தபோது அவருடைய கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் முந்தின நாளே சொல்லியிருந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திய ஆபீஸை இனி அந்த அம்மா ஒருவரே நடத்தப் போகிறார் என்பதும் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

"ஆபீஸ் வெப்சைட்டுக்கு ஒரு படம் வேணும். பழைய படத்துல ரெண்டு பேரும் நிக்கோம், அத மாத்தணும்," என்றார். மலையாளம் பேசும் இந்த ஊரில் நாகர்கோவில் பேச்சு.

எப்படி எடுக்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. எல்லா விளக்குகளையும் அணைத்தேன். ஜன்னல் திரையை ஒரு முழம் மட்டும் விலக்கினேன். வெளியே மழை மூட்டம். வெளிச்சம் சாம்பலாக உள்ளே வந்தது. மறுபக்கத்து நிழல் கலையாமல் இருக்க அங்கே கறுப்புத் துணி தொங்கவிட்டேன். எடுத்ததில் ஒரு படத்தில் பாதி முகம் இருட்டுக்குள் போயிருந்தது. வெளிச்சத்தில் இருந்த கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரர் போனத நான் ஒங்ககிட்ட சொல்லல்லியே?"

"பக்கத்துக் கடையில சொன்னாங்க, மேடம்."

"அப்ப நீங்க என்னயப் பாத்து எடுக்கல்ல. கேட்டத எடுத்திருக்கீங்க." குரலில் கோபம் இல்லை. "கேஸ் கொண்டு வாறவன் இதப் பாத்தா, அவன்தான் எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவான்."

துணியைக் கழற்றினேன். பெரிய விளக்கை நேர் எதிரே வைத்து, கண்ணுக்குக் கீழே நிழல் விழாதபடி மடியருகே வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்தேன். நிழலே இல்லாமல் போனது. கூடவே முகத்தில் இருந்ததும் போய்விட்டது. பாஸ்போர்ட் படம் போல இருந்தது. அவரே உதட்டைப் பிதுக்கினார்.

விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. கேஸ் கொடுத்த கட்சிக்காரர் யாரோ மறுமுனையில் அழுவது எனக்கே கேட்டது. இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேடிக்கண்டா. ஞானில்லே?" என்றார். பயப்படாதே, நான் இருக்கிறேன் அல்லவா என்ற அந்த மலையாளம் மிக இயல்பாக வந்தது. விளக்கு அப்போது அவருடைய தலைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக நின்றிருந்தது. கன்னத்தில் மெல்லிய நிழல். இரண்டு கண்களிலும் வெளிச்சம். போனை அவர் மடியில் வைத்த நொடியில் எடுத்தேன்.

"இது போதும்," என்றார் பார்த்துவிட்டு. பிறகு, "அந்த மொதப் படத்த அழிச்சிருங்க சார்."

அவர் முன்னாலேயே அழித்தேன். என் முகத்தைக் கவனித்திருப்பார் போல. "வருத்தமா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"எனக்கும் அதப் பாக்கதுக்கு வருத்தமாத்தான் இருந்து," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

நான்கைந்து மாதம் கழித்து ஸ்டூடியோ வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவரிடமே போனேன். படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆதார் நகல் கேட்டார், கொடுத்தேன்.