வார்டில் எழுந்த சிவப்புத் தகடு

அறுபதுகளின் நடுவில் பெங்களூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். மல்லேஸ்வரம் வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணனுக்குச் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவனிடமிருந்து தந்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை, அம்மாவைப் படம் எடுத்து அனுப்பு என்று. எதற்கென்று எழுதவில்லை. இதுவே அம்மாவின் கடைசிப் படமாகிவிடலாம் என்றுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கேமராவும் அவன் அனுப்பியதுதான். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை 'ஏ' என்ற எழுத்தில் வைத்தால் வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும். லால்பாக் வெயிலில் நான் எடுத்ததெல்லாம் நன்றாகவே வந்திருந்தது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை.

அன்று மழை மூட்டம். அம்மா முகத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். அது இறங்கவில்லை. பார்க்கும் கண்ணாடிக்குள் சிவப்புத் தகடு ஒன்று எழுந்து மறித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு. இருந்த மனநிலையில் அதைச் சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"என்னடி, கை இப்படி நடுங்குது?"

"ஒண்ணுமில்லம்மா, வெளிச்சம் பத்தல."

அம்மாவைத் தாங்கி எழுப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். சிவப்பு வரவில்லை, படம் விழுந்தது. ஆனால் முகம் நிழலாகத் தெரிந்ததே என்று மனசு கேட்கவில்லை. கேமராவோடு வந்த ஆங்கில விளக்கப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். வெளிச்சம் போதாவிட்டால்தான் சிவப்பு எழுமாம். எதிரே இருக்கும் மொத்த வெளிச்சத்தைத்தான் கருவி அளக்குமாம். அதில் முகம் எது, ஜன்னல் எது என்று அதற்குத் தெரியாது. வளையத்தை 'ஏ'யிலிருந்து எண்ணுக்குத் திருப்பினால் சிவப்பு தடுக்காது. ஆனால் லென்ஸுக்குள் இருக்கும் திரை மெதுவாகத் திறந்து மூடும், கை அசையக் கூடாது.

"ஜல்தி முடிம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்" என்றார் நர்ஸ்.

அம்மாவைப் பழையபடி படுக்கவைத்தேன். வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும், இருப்பதில் சிறிய எண்ணில் வளையத்தை வைத்து, கட்டில் கம்பியில் கேமராவை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். கிளிக். இப்போது தவறினால் தவறு முழுக்க என்னுடையது. அந்த நினைப்போடு மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றேன். நான்கு மணி நேரம் கழித்து, "பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டர் வந்து சொன்னார்.

அம்மா வீடு திரும்பிய பின்புதான் பிரிண்ட் வாங்கினேன். முதல் படத்தில் ஜன்னல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் முன்னால் அம்மா வெறும் கறுப்பு உருவம். இரண்டாவதில் முகம் தெளிவாக விழுந்திருந்தது. அதில் அம்மாவின் கண்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அவ்வளவு பயம்.

"இத அவனுக்கு அனுப்பாதடி" என்றாள் அம்மா.

"பயமா இருந்துச்சாம்மா?"

"இல்லாம? நீயே நடுங்கிட்டிருந்த. நானும் காட்டிக்கிட்டா என்ன ஆவுறது?"

அவள் மடியில் தலை வைத்து அழுதேன். மறுவாரம் மொட்டை மாடியில் அவளை உட்காரவைத்து எடுத்த படத்தைத்தான் அண்ணனுக்கு அனுப்பினேன்.