எதிர்வீட்டுக் கந்தாயம்

போன வாரம் வீட்டு வரி கட்டிவிட்டு வந்தேன். எங்கள் மைசூரில் அதற்குக் கந்தாயம் என்று பெயர். ரசீதைப் பார்த்ததும் எனக்கு மாநகராட்சி மேல் கோபம் வரவில்லை... எதிர்வீட்டு ஸ்டெல்லா மேல்தான் வந்தது.

ஏன்? எங்கள் லேஅவுட்டில் தெருவுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி. அந்தப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து. நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லாவும் நானும் ஒன்றாகத்தான் மனை வாங்கினோம். ஒரே மேஸ்திரி, ஒரே மாதிரி வீடு. அவளுக்கு மாடி வேறு இருக்கிறது! ஆனால் அவள் கட்டும் கந்தாயம் என்னுடையதில் கால்வாசி கூட இல்லை.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

எனக்கு ஒரே ஆறுதல், காலையில் வரும் குப்பை வண்டி. இங்கே அதைக் கச வண்டி என்போம். அது என் பக்கம் மட்டும்தான் நிற்கும். பஞ்சாயத்துக்கு வசூல் குறைவு — வண்டி வாங்க மாநில அரசு பணம் தர வேண்டும். மாநிலத்தைக் கேட்டால், மத்திய அரசிடமிருந்து எங்கள் பங்கு வரட்டும் என்கிறார்கள். டெல்லியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து எங்கள் தெரு... அதுவரை குப்பையில் கிடக்கும் மீன் முள் காத்திருக்குமா?

அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும் ஸ்டெல்லா பையோடு தெருவைத் தாண்டி வந்துவிடுவாள்.

"அக்கா, எங்க கசத்தையும் உங்க வீட்டுதுன்னு சொல்லிக் குடுத்துடுங்க."

நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கந்தாயம் கட்டிய மறுநாள் மட்டும் முடியவில்லை. இது பஞ்சாயத்துக் குப்பை என்று வண்டிக்காரரிடம் கன்னடத்தில் தெளிவாகச் சொன்னேன். அவர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லா பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். அதற்குப் பிறகு தெருவைத் தாண்டவே இல்லை.

எனக்கு உறுத்தியது. ஆனால் எப்படிப் போய்ப் பேசுவது?

நேற்று ஒரு சாக்கு கிடைத்தது. அவர்கள் பக்கத்தையும் மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். இனி அவளும் என்னைப் போலவே கட்ட வேண்டும்! துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கிளம்பினேன்.

கதவைத் திறந்தவள் என் கையில் மைசூர்பாகை வைத்தாள்.

"கார்ப்பரேஷன் ஆகுதுல்ல அக்கா, சைட் ரேட் இப்பவே ஏறிடுச்சு. கச வண்டியும் எங்க வாசல்லயே நிக்கும். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன். என் பக்கத்து மனை விலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

எந்த வரியை மத்திய அரசு போடலாம், எதை மாநிலம் போடலாம் என்றெல்லாம் பட்டியல் இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்கு வரி போட்டால் அது எந்தப் பட்டியலில் வரும்?

யார் போட்டாலும் சரி... முதல் ரசீது எனக்குத்தான்!