கயிற்றுக்கு வெளியே நின்ற சொர்ணலட்சுமி

சொர்ணலட்சுமியின் கை படாமல் அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு பொம்பளை நுழைந்தது கிடையாது. ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில், சின்னச் சின்ன அறைகளாகத் தள்ளித் தள்ளிக் கட்டின கம்பெனி. காலையில் வேன் வந்து நிற்கும். இறங்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி, இடுப்பு மடிப்பு, முந்தானை முடிச்சு, சோத்துத் தூக்கு எல்லாம் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. செல்போன், கொண்டை ஊசி, கொலுசு, தீப்பொறி கிளப்புகிற எது கைக்கு அகப்பட்டாலும் நம்பர் போட்ட மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்.

கெட்டவள் இல்லை. மடியைத் தடவும்போதே யாருக்குக் காய்ச்சல், யார் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள் என்பது அவள் கைக்குத் தெரிந்துவிடும். தன் தூக்கில் இருக்கிற கம்மஞ்சோற்றில் பாதியை எடுத்துக் கொடுப்பாள். போனை மட்டும் கொடுக்க மாட்டாள். ஆயுத பூசைக்கு வந்த முதலாளி வீட்டு அம்மாவையே மறித்து, "போனை இங்கன வச்சிட்டுப் போங்கம்மா" என்று கையை நீட்டினவள். அந்த அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுத்தான் போனது.

ஒரே ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கேட்டில் வேறு ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு மூன்று போன் உள்ளே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னவள் அவளுடைய சேக்காளி பொன்னுத்தங்கம்தான்.

"மூணு போனு உள்ள போயிருக்கு சொர்ணம். ஒண்ணும் ஆகல பாரு" என்று சிரித்தாள்.

சொர்ணலட்சுமி நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது ஆகியிருந்தால்கூட இப்படிக் கோபம் வந்திருக்குமா என்றால், சந்தேகம்தான்.

பொன்னுத்தங்கம் அதே கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவள். புருசன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். ஒரே மகள் பானுப்பிரியா கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பொன்னுத்தங்கத்துக்கு ஒரு ஆசை உண்டு. உயரத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள். அவள் வீடு ஓட்டு வீடு. கம்பெனியிலும் மாடி கிடையாது, தீப்பிடித்தால் எந்த நேரமும் வாசலைப் பார்த்து ஓடுகிற மாதிரிதான் கட்டியிருக்கும். ஒரு தடவை உதவித்தொகை மனு கொடுக்கச் சூலக்கரைக்குப் போனபோது, கலெக்டர் ஆபீஸ் மாடி சன்னலில் நின்று அரைமணி நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மனிதர்கள் எல்லாம் நகர்கிற தலையாக மட்டும் தெரிந்ததாம். பியூன் வந்து, "இது என்ன பொருட்காட்சியா?" என்று விரட்டினானாம்.

இதைத் தாய் சொல்லக் கேட்டிருந்த மகள், பொள்ளாச்சியில் பொங்கலை ஒட்டிப் பலூன் திருவிழா நடக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டு, அந்தப் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டாள். வீடு அளவு பலூன். அடியில் கூடை, கூடைக்கு மேலே நெருப்பு. கூடையில் ஆளை ஏற்றி, வடத்தில் கட்டி மேலே விட்டு, ஊரைக் காட்டிவிட்டு இறக்குவார்கள்.

"ரெண்டாவது டிக்கெட் உனக்குத்தான்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"நெருப்புக்கு அடியில போயி நிக்கவா? நீ ஏறு. நான் வந்து பாக்கேன்" என்றாள் சொர்ணலட்சுமி.

கம்பெனி வேன் ஓட்டுகிற பாலகுருவுக்குப் பொங்கல் லீவில் வண்டி சும்மாதான் நிற்கும். பின்பக்க சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்டு, மேலே மெத்தை விரித்து, ஒரு தண்ணீர் டிரம்மைக் கட்டிவிட்டான். சன்னலுக்குப் பழைய சேலையைத் திரையாக மாட்டினான்.

"சினிமாக்காரங்க வச்சிருக்க கேரவன் மதினி இது" என்றான்.

"கேஸ் அடுப்பு வச்சேன்னா இறங்கிருவேன்" என்றாள் சொர்ணலட்சுமி. ஆகவே மூன்று வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டார்கள்.

விருதுநகரில் அமீனா ஏறிக்கொண்டாள். கம்பெனி வாசலில் மாசம் ஒருதரம் நைட்டி, உள்பாவாடை கொண்டுவந்து விற்கிறவள். இவர்கள் இரண்டு பேரையும்விட மூத்தவள், வாயும் மூத்தது. ஏறினதும் திரையை இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுச் சாவுக்குக் கட்டுன சேலைடா பாலகுரு?" என்றாள். மதுரை தாண்டுகிறவரைக்கும் வண்டிக்குள் சிரிப்பு அடங்கவில்லை.

பொழுது இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பலூன் மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தென்னந்தோப்பில் வண்டிகள் நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். அங்கே நிசக் கேரவன்களே நின்றன. கேரளாக்காரக் குடும்பம் ஒன்று வண்டிக்குள்ளேயே குளித்துவிட்டு ஈரத் தலையோடு இறங்கியது. பொன்னுத்தங்கம் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"நம்ம வண்டியிலயும் குளிக்கலாம். டிரம்முல தல மட்டும் போகும்" என்றாள் அமீனா.

விடியக்காலமே எழுந்து முகம் கழுவி மைதானத்துக்கு நடந்தார்கள். பாலகுருவும் கூட வந்தான். அங்கே சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே பெரிய பெரிய துணிகள் தரையில் கிடந்தன. காற்றாடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பலூன் பாதி எழும்பி நின்றது. அதன் வாய்க்குள் ஒருவன் நெருப்பைச் சீறவிட்டான். பக்கத்தில் வரிசையாக கேஸ் சிலிண்டர்.

சொர்ணலட்சுமி கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் கை நீண்டுவிட்டது.

"போனை எடுங்க."

பொன்னுத்தங்கம் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு கொண்டை ஊசி இரண்டையும் உருவிக் கொடுத்தாள். தலைமுடி தோளில் விழுந்தது.

"ஏன் சொர்ணம், இது என்ன உங்க கம்பெனி கேட்டா? அங்க பாரு, அந்த வெள்ளக்காரன் நெருப்புக்குப் பக்கத்துல நின்னு போன்ல படம் புடிக்கான்" என்றாள் அமீனா.

"அவன் சாகுறதுக்கு நான் பொறுப்பில்ல. நீங்க குடுங்க."

அமீனா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். தன்னுடையதையும் சேர்த்து மூன்று போனையும் அணைத்து, மஞ்சள் பையில் போட்டுப் பாலகுருவிடம் கொடுத்தாள் சொர்ணலட்சுமி. "வண்டியில வச்சுப் பூட்டிட்டு அங்கனயே இரு. நானே வந்து கேட்டாத்தான் குடுக்கணும். வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்காத." அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

டிக்கெட் பார்க்கிற மேசை கயிற்றுக்கு உள்ளே இருந்தது. பொன்னுத்தங்கம் வரிசையில் நின்று மேசைக்கு வந்தாள். அங்கே இருந்த பெண், "போனைக் காட்டுங்கம்மா, ஸ்கேன் பண்ணணும்" என்றாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. டிக்கெட்டே போனுக்குள்தான் இருக்கிறது.

"பேரு பொன்னுத்தங்கம். ஏழாயிரம்பண்ணை. எம் மக போட்டது" என்றாள்.

"பேரை வச்சு விட முடியாதும்மா. வெயில் ஏறினா காத்து வந்துரும். காத்து வந்தா நிறுத்திருவாங்க. சீக்கிரம் எடுத்துட்டு வாங்க. எட்டு மணிக்கு மேல உறுதி இல்ல."

பொன்னுத்தங்கம் திரும்பிக் கயிற்றுக்கு வெளியே நின்ற சொர்ணலட்சுமியைப் பார்த்தாள். திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவிழ்ந்த தலையோடு அவள் அப்படிப் பார்த்தது சொர்ணலட்சுமிக்குத் திட்டு வாங்கினதைவிட மோசமாக இருந்தது.

"நானே போறேன்" என்று நடந்தாள். நடை ஓட்டமானது. ஐம்பது வயது முழங்கால், வாய்க்கால் வரப்பு, ஈர மண். ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்து எழுந்தாள். பாலகுரு சொன்ன சொல் மாறாமல் வண்டி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரும் வரல மதினி" என்றான் பெருமையாக.

பொன்னுத்தங்கத்தின் போனை எடுத்து, அங்கேயே உயிர்கொடுத்து, கையில் பொத்திக்கொண்டு திரும்பினாள். மைதானத்துக்கு வந்தபோது நாலு பலூன் எழும்பி நின்றன. வரிசையில் பத்துப் பேர்தான் பாக்கி. தென்னை ஓலைகள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன.

கயிற்றின் அருகே வந்ததும் கால் நின்றுவிட்டது.

கயிறு அவள் இடுப்பு உயரம்தான். சின்னப் பிள்ளைகள் குனிந்து நுழைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சிலிண்டர். இந்தப் பக்கம் அவள், கையில் திரை எரிகிற போனோடு. உள்ளே இருக்கிற அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறது என்பது அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. ஆனாலும் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

"ஏம்மா, அந்த மெசினைத் தூக்கிட்டு இங்கன வா!" என்று மேசைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"வர முடியாதும்மா, இங்க ஆள் நிக்காங்கல்ல."

"குடு, நான் கொண்டு போறேன்" என்று அமீனா கையை நீட்டினாள். சொர்ணலட்சுமியின் மூடின கை திறக்கவில்லை. "என்ன சொர்ணம், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவ ஆசையை நீ பூட்டி வைக்கப் போறியா?"

வரிசையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். பொன்னுத்தங்கம் இடத்தை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு வந்தாள். சொர்ணலட்சுமியின் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சொர்ணலட்சுமி இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு, "நீ வரியா? உன் டிக்கெட்டும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

"நீ போ. காட்டிட்டு அமத்திட்டு ஏறு."

பொன்னுத்தங்கம் மேசைக்கு ஓடினாள். அவள் முன்னால் நின்ற பையன் இடம் விட்டான். ஸ்கேன் மெசின் கீச்சென்றது. இரண்டு பேர் கைகொடுத்துக் கூடைக்குள் தூக்கிவிட்டார்கள். நெருப்புச் சீறியது. வடம் விறைத்தது.

சொர்ணலட்சுமி திரும்பி நின்றுகொண்டாள். பலூனுக்கு முதுகு, தென்னந்தோப்புக்கு முகம்.

"அடியே, போயிட்டா! கால் தரையில இல்ல!" என்றாள் அமீனா.

"போனு கையிலயா?"

"கையிலதான். மகளுக்குப் படம் காட்டுறா போல."

சொர்ணலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை நெருப்புச் சீறும்போதும் தோள் ஒடுங்கியது.

"தென்னை மட்டத்துக்குப் போயாச்சு. இப்ப அதுக்கும் மேல. முடி பறக்குது அவளுக்கு. திரும்பிப் பாரு சொர்ணம், இதுக்குத்தானே வந்தோம்."

"நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

"சிரிக்கா. இம்புட்டுத் தூரத்துலயும் பல்லு தெரியுது."

அவள் ஏறி ஏழெட்டு நிமிஷத்துக்குள் காற்று வந்துவிட்டது. பலூன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வடத்தை இழுத்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு யாரையும் ஏற்றவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், பிறகு கலைந்து போனார்கள். பலூன்கள் ஒவ்வொன்றாக வயிறு வற்றிப் படுத்தன.

பொன்னுத்தங்கம் கயிற்றைத் தாண்டி வந்தாள். முகம் சிவந்திருந்தது. அமீனா அவள் கன்னத்தைக் கிள்ளி, "எம்புட்டு உசரம்டி போன! என்ன தெரிஞ்சது?" என்றாள்.

"வாய்க்கா ஒரு நூல் மாதிரி கிடந்துச்சு அமீனாக்கா. மலை பக்கத்துல வந்துருச்சு. நெருப்பை அணைச்சா ஒரு சத்தம் இல்ல, நம்ம மூச்சு நமக்குக் கேக்குது. நான் சொர்ணத்தைத்தான் முதல்ல தேடுனேன்."

"அவ எங்க பாத்தா!"

"தெரியும். இம்புட்டுக் கூட்டத்துல ஒரு முதுகுதான் தெரிஞ்சது."

சொர்ணலட்சுமி அப்போதுதான் கண்ணைத் திறந்து, திரும்பி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தீப்பொறி பட்டிருக்கிறதா என்று விரலால் தடவினாள். எதுவும் இல்லை.

"ஒண்ணும் ஆகல பாரு" என்றாள் பொன்னுத்தங்கம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஆகலதான். நான் பாத்திருந்தா இறக்கச் சொல்லிக் கத்தியிருப்பேன்."

"அதான் மேல இருந்து நானும் உன்னைக் கூப்பிடல."

அமீனாவுக்குப் பசி வந்துவிட்டது. புளிச்சோறு வண்டியில் இருக்கிறது, பாலகுரு சாவியோடு காத்திருப்பான் என்று சொல்லி அவள் முன்னால் நடந்தாள். பின்னால் வந்தவர்கள் வழி நெடுக எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். என்ன சண்டை என்று அமீனா திரும்பிக் கேட்கவில்லை.