சங்கரன்கோவிலில் புத்தரை விற்ற கதை

பாத்திரக்கடையில் வேலை பார்ப்பவர்கள் எதற்கும் திடுக்கிடக் கூடாது. நான் நாள் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடையில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும். வாங்க வந்தவர் வாய் திறக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். திறந்த பிறகு, படித்ததெல்லாம் எங்கே போனது என்று நாமே தேட வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா தறியில் நிற்பவர். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, கோவிலுக்குப் போகும் தெருவில் ஒரு பித்தளைக்கடையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். அப்பா ஊரெல்லாம் என்னை மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தார்.

கொண்டை போட்ட சாமி

வடக்கிலிருந்து குத்துவிளக்கு வர வேண்டிய பெட்டியில் புத்தர்கள் வந்திறங்கினார்கள். உட்கார்ந்தவர், படுத்தவர், பாம்புக் குடைக்குக் கீழே இருப்பவர் என்று வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தபோது முதலாளி பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். திருப்பி அனுப்பினால் லாரி வாடகை கட்டாது. என்னைக் கூப்பிட்டு, "வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்" என்று எழுதி ஒட்டச் சொன்னார். எனக்குக் கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்லி விற்றுப் பார்க்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

பெட்டியைப் பிரித்த பேச்சியக்கா எங்கள் கடையில் பாத்திரம் துலக்கிப் பளபளப்பாக்குபவர். ஒரு புத்தரைத் தூக்கி, கொண்டையும் தொங்கும் காதும் பார்த்து, இது என்ன அம்மன் என்று கேட்டார். அது கொண்டை இல்லை, ஞானத்தின் அடையாளமாக உச்சந்தலையில் எழும்பிய மேடு; இளவரசராக இருந்தபோது கனமான குண்டலம் போட்டதால் காது தொங்குகிறது என்று விளக்கினேன். முதலாளி விளக்கத்தைக் கேட்டு முடிக்கவில்லை. "ஆடித்தபசுத் திருவிழாவுக்குள்ள இவரு போயிட்டா நீ இருக்கலாம். இவரு இருந்துட்டாருன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

எலுமிச்சம்பழம்

முதல் சிலையை வாங்கியவர் புளியங்குடியில் எலுமிச்சை மொத்த வியாபாரி. பராமரிப்பை அவருக்கு அக்கறையாகச் சொன்னேன். புளி, எலுமிச்சை எதுவும் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மடிப்புகளில் தெரியும் கருமை அழுக்கு அல்ல, முகமும் ஆடையின் சுருக்கமும் எடுப்பாகத் தெரிவதற்காகப் பட்டறையிலேயே ஏற்றிய நிறம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் சிலையோடு வந்தார். புது அண்டா மாதிரி மின்னியது. கருமை முழுக்கப் போய், கண் எங்கே, உதடு எங்கே என்று தெரியவில்லை. தியானத்தில் இருந்தவர் திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அழுக்குச் சாமியை விற்றுவிட்டோம், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது என்று சண்டைக்கு நின்றார். எலுமிச்சை போட வேண்டாம் என்று சொன்னேனே அண்ணாச்சி என்று மெதுவாகக் கேட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "புளியங்குடிக்காரன்கிட்டயே எலுமிச்சம்பழம் போடாதேங்கியே, நீ எந்த ஊருக்காரி?"

படுத்திருப்பவர்

வலது கையைத் தலைக்குக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருக்கும் புத்தரை, சட்டையை உள்ளே விட்ட ஒருவர் வெகுநேரம் பார்த்தார். பார்க்கவே தூக்கம் வருகிறது, பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும் என்றார். விற்றுவிடலாம். பில் போடும் முதலாளியும் கண்ணைக் காட்டிவிட்டார். ஆனால் இதை யாராவது நோயாளிக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சார், இவர் தூங்கவில்லை, இது அவருடைய கடைசி நேரம், இந்த நிலையில்தான் உயிர் பிரிந்தது என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். வந்தவர் சிலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு திரும்ப எடுத்தார். "மாமியாருக்குத்தான் வாங்குதேன். நல்லாப் பொதிஞ்சு கொடும்மா."

புற்றுமண்

பாம்புக் குடைப் புத்தர்கள்தான் வேகமாகப் போனார்கள். எனக்குச் சந்தோஷம். கொட்டும் மழையில் தியானத்தில் இருந்தவருக்கு நாகராஜன் வந்து படம் விரித்துக் குடை பிடித்த கதையை ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எல்லோரும் பக்தியோடு கேட்டார்கள். எனக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாக தோஷத்துக்கு வேண்டிக்கொண்டு, உண்டியலில் பாம்பு உரு வாங்கிப் போடும் ஊர் எங்கள் ஊர்.

சிவகிரியிலிருந்து வந்து வாங்கிய ஓர் அம்மா ஆடி வெள்ளியன்று சிலையை மடியில் கட்டிக்கொண்டு திரும்ப வந்தார். அவிழ்த்தால் புத்தர் முழுக்கக் கோவில் புற்றுமண். தினமும் குழைத்துப் பூசியிருக்கிறார். ஈரம் காயாமல் இருந்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு. எனக்கு அழுகை வராத குறை. அக்கா, இவர் புத்தர், ஈரம் பட்டால் உடனே துடைக்க வேண்டும், மண் பூசக் கூடாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாம்பு யாருக்குக் குடை பிடிக்கோம்னு கேட்டுட்டா பிடிக்கி? நீ பச்சைய மட்டும் எடுத்துக் கொடு."

பூமி சாட்சி

மிஞ்சியது, வலது கையை முழங்காலுக்கு மேலாக இறக்கி விரலால் தரையைத் தொடும் புத்தர்கள். ஆடித்தபசுக் கொடி ஏறிவிட்டது. நான் தினமும் மிச்சத்தை எண்ணத் தொடங்கினேன்.

வாசுதேவநல்லூர் விவசாயி ஒருவர் உழக்கு வாங்க வந்தவர், அந்தக் கை எதற்கு இறங்கியிருக்கிறது என்று கேட்டார். நீ ஞானம் அடைந்ததற்கு யார் சாட்சி என்று அவரைக் கலைக்க வந்த மாரன் கேட்டபோது, இந்தப் பூமியே சாட்சி என்று தொட்டுக் காட்டினார் என்றேன். அவர் உழக்கைக் கீழே வைத்தார். தனக்கும் தம்பிக்கும் வரப்புத் தகராறு, வெட்டரிவாள் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டது, சர்வேயர் வரப்போகிறார் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி, அந்தப் பூமி வேறு, இது மனசு சம்பந்தப்பட்டது, வழக்குக்கு ஆகாது என்று படபடவென்று சொன்னேன். அவர் சிலையை எடுத்து விரல் நுனியைத் தடவினார். "வரப்பு மேல வச்சிருவேன். சாமி கை எந்தப் பக்கம் ஊணுதோ அந்தப் பக்கம் என் பூமி. அவ்வளவுதான?"

இடது கை

அதன்பிறகு எனக்கு வேலை போகிற பயமே பின்னால் போய்விட்டது. என் விளக்கத்தால் வாசுதேவநல்லூரில் யாருக்கும் வெட்டு விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் பயம். தெருமுனையில் பஸ்ஸிலிருந்து முரட்டு ஆள் யார் இறங்கினாலும் அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்படி நின்றபோதுதான் தம்பி வந்தார். என் அண்ணனுக்குச் சாமி விற்ற பிள்ளை எது என்று கேட்டார். பேச்சியக்கா தயங்காமல் என்னைக் காட்டிக் கொடுத்தார். அவர் சத்தம் போடவில்லை. அண்ணன் வரப்பில் வைத்த சாமியின் கை அண்ணன் பக்கம் ஊன்றுகிறது, அதே சாமி தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் இடது கையை ஊன்றியதாக வேண்டும் என்றார். அப்படி ஒரு புத்தர் கிடையாது, எங்கே போனாலும் வலது கைதான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. போய்விடுவார் என்று நான் மூச்சு விடும் நேரத்தில் பின்னாலிருந்து பேச்சியக்கா சொன்னார்: "இதுக்கா இம்புட்டு யோசன? அவரத் திருப்பி உக்கார வையுங்க, கை உங்க பக்கம் வந்துரும்."

இரண்டு பேரும்

ஆடித்தபசன்று தெருவில் நிற்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடைக்குள் வந்தார்கள். ஆளுக்கொரு துணிப்பை. நான் கல்லாவுக்குப் பின்னால் போய் முதலாளியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பைகளிலிருந்து எடுத்தது இரண்டு புத்தர்களை. சாரல் மழையில் நனைந்து இரண்டும் பச்சை பூத்திருந்தன. இதை எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். சர்வேயர் என்ன சொன்னார் என்று பயந்துகொண்டே கேட்டேன். சர்வேயர் இன்னும் வரவில்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலைகளை வரப்பில் எதிரும் புதிருமாக வைத்ததிலிருந்து, திருட்டுப் போய்விடுமே என்று அண்ணன் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் தன் சாமியைத் திருப்பி வைத்துவிடுவாரோ என்று தம்பியும் உட்கார்ந்திருக்கிறார். வேறு யாரும் இல்லாத வயலில் இரண்டு பேர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்? முதலில் பீடிக்கு நெருப்புக் கேட்டது யார் என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வரப்பை நடுவில் போட்டு முடித்துவிட்டார்கள்.

களிம்பை மெல்லத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவி வீட்டுக்குள் வையுங்கள் என்றேன். முதல் நாளே வயலில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்றும் கேட்டேன். அண்ணன் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "எம்மா, அப்படிப் போயிருந்தா இவன் மூஞ்சியில நான் எப்ப முழிக்க?"

முதலாளி சொன்னது

எல்லாவற்றையும் முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் இன்னும் ஒரு புத்தர் இருந்தார், அவருக்கு முன்னால் நான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி போனை எடுத்து, வடக்கே இன்னொரு பெட்டிக்குச் சொன்னார். இந்தத் தடவை புத்தர் என்று சொல்லியே கேட்டார். கை கீழே இறங்கியது நிறைய வேண்டும் என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. அப்படியானால் நான் இனியும் உண்மையையே சொல்லலாமா என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "உள்ளதையே சொல்லு பிள்ள. இங்க எவன் கேக்கான்?"

ஆசையை விடச் சொன்னவரை, ஆசையோடு வந்தவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லியே விற்று, நான் ஆசைப்பட்ட வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டேன்.