பெயிண்டின் மேல் அளந்த குழாய்

குழாய்களுக்கு ஆயுள் சொல்வது என் பிழைப்பு. இரும்புச் சுவரின் கனத்தைக் கருவியால் அளந்து, வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போட்டு, இன்னும் இத்தனை வருடம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் என்னை ஜோசியக்காரன் என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை. அங்கே தீயணைப்புத் தண்ணீர் போகும் குழாயை அளக்கப் போனது ஆயுத பூஜைக்கு முதல் நாள். குழாய் முழுக்கப் புதுச் சிவப்புப் பெயிண்ட், அதன்மேல் சந்தனமும் குங்குமமும். பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"சார், சுரண்டிடாதீங்க சார். நாளைக்கு பூஜை. ரெண்டு நாளா அடிச்சிகினு கீறேன்."

சுரண்டாமல் அளக்கக் கூடாது. தெரியும். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் எண் நிற்காமல் குதித்தது. பெயிண்ட் காயவில்லை போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, ஒரு சாண் தள்ளி அளந்து எழுதினேன். மீதி ஆயுள் ஒன்பது வருடம்.

சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்ட் குழாயிலும் எண் அப்படியே குதித்தது. அதில் பெயிண்டே இல்லை. பிளம்பர் அறுத்துக் காட்டினார். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி, உள்ளே அந்த ஒரே இடத்தில் குழி பறித்திருந்தது. கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஒரு சாண் தள்ளி இரும்பு புதுசு போல இருந்தது.

அப்படியானால் மறைமலை நகரில் எண் குதித்த இடமும் இப்படித்தான் அரித்திருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தத் தொழிற்சாலையில் முழு அழுத்தத்தில் பம்ப் ஓட்டிப் பார்ப்பார்கள். அன்று முதல் சனிக்கிழமை. ஃபிட்டருக்குப் போன் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். வண்டலூரில் வழியை அடைத்து நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்து, "ஐயோ, நகர்ந்து தொலையேன்யா!" என்று கத்தினேன். குழாய் வெடித்து அந்த ஃபிட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது நான்தான், வேறு யாருமில்லை.

நான் நுழைந்தபோது பம்ப் இரைந்துகொண்டிருந்தது. அவர் குழாயோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஓட்டத்தைக் கேட்க அதன்மேல் காதை வைத்திருந்தார். என் கூச்சல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அடித்தேன்.

அழுத்தம் இறங்கியதும் அடிப்பக்கத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். லேசாகக் குத்தியதற்கே ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. அதே நாற்றம்.

"இங்கதான் சார் காத வெச்சிகினு இருந்தேன்." அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைங்க செஞ்ச புண்ணியம் சார், நீங்க வந்தது."

"ஒன்பது வருஷம் தாங்கும்னு எழுதிக் கொடுத்ததே நான்தாண்ணா" என்றேன்.

அவர் கைகளை எடுத்துக்கொண்டார்.