சரசுவின் முன்பற்களும் என் பதவியும்

சித்தி வேலைக்கு யாரும் விண்ணப்பம் போட்டு வருவதில்லை. வந்த பிறகு வேலை இன்னதென்று சொல்லித் தருவாரும் இல்லை. நான் சென்னையில் இண்டர்மீடியட் வரை படித்தவள். பால்பற்கள் இருபது என்று பரீட்சையில் சரியாக எழுதியிருக்கிறேன். கடல் கடந்து, குளுவாங்குக்கு அப்பால், காஹாங் ரோட்டிலுள்ள ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸருக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது, அவருடைய ஆறு வயது மகள் சரசுவின் வாயில் அந்த இருபதும் இருந்தன. அவை விழத் தொடங்கிய பின் நடந்ததை, இதே உத்தியோகத்திலிருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

யார் பிடுங்குவது?

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கங்காணியின் கடைவாய்ப் பல்லையே கண் சிமிட்டாமல் பிடுங்கியவர். சரசுவின் கீழ்ப்பல் ஆடியதும் பல் பிடுங்கும் குறட்டோடு வந்தார். அவள் வாயைத் திறந்தாள். அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் காலையில் நான் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். தொட்டதுதான் தெரியும், பல் என் விரலோடு வந்துவிட்டது. சரசு அழவில்லை. சட்டையில் இரத்தத் துளியோடு ஆயாக் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி, "யாரு செஞ்சது?" என்று பதறியிருக்கிறாள். "சித்தி!" என்று இவள் பெருமையோடு சொல்லியிருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் தொழிலாளர் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெளியே போய் விளக்கம் சொல்ல எனக்குக் கூச்சம். சாயங்காலம் பால் ஊற்ற வந்த அஞ்சலை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்: "அடிச்சது அடிச்சீங்க, வெளியில தெரியாத பல்லாப் பார்த்து அடிச்சிருக்கக் கூடாதா, டிரெஸ்ஸரம்மா?"

தெப்ராவிலிருந்து கடிதம்

லயத்துச் செய்திக்குக் கால் மட்டுமல்ல, ரயில் டிக்கெட்டும் உண்டு. சரசுவின் காலமான தாய்க்குத் தங்கை மரகதம் தெப்ரா பட்டணத்தில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு வராதவள், இப்போது அத்தானுக்குக் கடிதம் எழுதினாள். பல் விஷயம் கேள்விப்பட்டாளாம். பள்ளிக்கூட லீவில் வருவாளாம். பிள்ளை இங்கே சுகமாக இல்லையென்று கண்டால் தன்னோடு அழைத்துப் போய்விடுவாளாம்.

நான் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். என் கணவர் அதை மடித்து மருந்துப் பெட்டிக்குள் வைத்தார். நடந்ததை விளக்கி ஒரு பதில் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவ வர்றதுக்குள்ள மிச்சப் பல்லு விழாம இருக்கணும்."

கூரைக்குப் பிடிக்காத பல்

மிச்சப் பல் விழாமல் இருக்குமா? அடுத்த கீழ்ப்பல்லும், பின்னாலேயே ஒரு மேல்பல்லும் விழுந்தன. கீழ்ப்பற்கள் இரண்டையும் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தோம், அவை தங்கிவிட்டன. மேல்பல் மட்டும் துத்தநாகத் தகட்டில் கடகடவென்று உருண்டு எங்கள் காலடிக்கே திரும்பியது. மூன்று தரம் எறிந்தோம், மூன்று தரமும் வந்தது. பல் முளைக்காதோ என்று சரசு முதன்முறையாக அழுதாள். பல்லில்லாத பிள்ளையை மரகதத்தின் முன் நிறுத்துவதை நினைத்து நானும் கலங்கினேன். படித்ததெல்லாம் அந்நேரம் உதவவில்லை.

காப்பித்தூள் வாங்கப் போன இடத்தில் சரசு இதைச் சீனக் கடைக்காரரிடம் முறையிட்டாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "கீழ்ப் பல்லு மேல போடு, மேல் பல்லு கட்டில் கீழ போடு. மாத்திப் போட்டா புதுப் பல்லு எந்தப் பக்கம் வளரும், அதுக்கு எப்படித் தெரியும்லா?"

சீட்டி

பல்லைக் கட்டிலுக்கடியில் போட்டோம். மறு வாரமே பக்கத்துப் பல்லும் விழுந்தது. வாசலில் கதவில்லாத வீடுபோல் ஆயிற்று வாய். 'சித்தி'யில் 'சி' சீட்டியடித்தது. 'த்தி' என்னும்போது நாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் அவள் வாயால் 'சித்தி' வரவேண்டுமென்றே "உங்க வீட்ல யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

இரண்டு நாள் என்னை அவள் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில், "அம்மா, சோப்பு" என்றாள். நான் சோப்பை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து, தலை பின்னும்போது, அவள் முகம் எனக்குத் தெரியாத தைரியத்தில், "என்ன திடீரென்று அம்மா?" என்று கேட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "அதுக்குப் பல்லு வேணாம்."

லீவு

புதுப் பற்கள் ரம்பம்போல் விளிம்போடு முளைத்தன. தாய்மார்கள் எல்லாரும் சந்தோஷப்படும் சமயம் அது. நான் தினம் காலையில் சற்றுக் கவலையோடு பார்த்தேன். லீவு தொடங்கிய அன்று சரசு "சக்கரம், தச்சன், சித்திரம்" என்று சத்தமாகப் பாடம் படித்தாள். ஓர் எழுத்தும் சீட்டியடிக்கவில்லை. காலையிலிருந்து என்னை ஒன்றும் சொல்லி அழைக்கவுமில்லை.

மத்தியானம் மரகதம் வந்தாள். வந்ததும் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். "பழைய பல்லை யாருடி உடைச்சது?" என்றாள். "தானா விழுந்துச்சு, எல்லாருக்கும் விழும்" என்றாள் சரசு. "சரி, எங்கூட வந்து இருக்கியா? கவுன் தைச்சுத் தர்றேன்." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவின் பின்னால் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை.

சரசு ஓடிவந்தாள். என்னைப் பார்த்துப் பேசினாலும் கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் பேசினாள்: "அம்மா, சித்திக்குக் காப்பி வேணுமாம், சீனி தூக்கலா. நான் எங்கேயும் வரலேன்னு நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வெக்கமா இருக்கு."

சகோதரிகளே, நம் உத்தியோகத்தில் பதவி உயர்வு உண்டுதான், ஆனால் அது கிடைக்கும் அன்றும் காப்பி போடவேண்டியவர் நாமே.