கேட் போனில் தொங்கிய டேஞ்சர் டேக்

1. விரல் நசுங்கிய வியாழன்

ஃபிட்டர் முனியனின் சுண்டுவிரல் மோட்டார் கப்ளிங் இடுக்கில் மாட்டி நசுங்கிய அன்றுதான், எங்கள் கேட் போனில் ஒரு கால் பேசக்கூடக் காசில்லை என்பது தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில். நான் அங்கே எலெக்ட்ரிகல் ஃபோர்மேன், பெயர் தேவராஜ். கலர் டிஸ்ப்ளே வைத்த செல்போனைக் கையில் பார்த்தாலே ஆளுக்கு மரியாதை கூடிய காலம் அது. கம்பெனி அப்படி ஒரு ப்ரீபெய்டு போன் வாங்கிக் கேட்டில் வைத்திருந்தது. வேன் டிரைவர், டாக்டர், ஈ.பி. ஆபீஸ் என்று அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவும் அதுதான். லேண்ட்லைன் மழையில் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சொந்த போன் வைத்திருந்த மேனேஜர்களுக்கு, தேவைப்படும் நாளில் சென்னையில் மீட்டிங் இருக்கும். அன்றும் இருந்தது.

வேன், ஜி.எம். வீட்டாரை ஏற்றிக்கொண்டு பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தது. டிரைவரைத் திரும்பக் கூப்பிட கேட் செக்யூரிட்டி யேசுதாஸ் போனை அடித்தார். போதிய இருப்பு இல்லை என்று ஒரு பெண் குரல் மிகவும் இனிமையாகச் சொன்னது. யேசுதாஸ் போனை மேஜையில் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி, குறுக்கே நின்று ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, அதிலிருந்தவர்களை இறக்கிவிட்டு முனியனை ஏற்றினார். விரல் பிழைத்தது. நகம் போயிற்று.

ஓடி ஆட்டோ பிடித்த மனிதனுக்கு நான் கொடுத்த பரிசைக் கேளுங்கள். மத்தியானம் ரெண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். ஏ ஷிப்ட் வெளியே போகிறது, பி ஷிப்ட் உள்ளே வருகிறது. கேட்டில் இருநூறு பேர். எனக்கு இயற்கையிலேயே மில் சத்தத்தை மீறிப் பேசும் தொண்டை.

"யோவ் யேசுதாஸ்! திங்கக்கெழமதான டாப்-அப் போட்டது? எந்தச் சின்ன ஊட்டுக்குப் போன் போட்டுத் தீத்த?"

"நான் யாருக்கும் போடல சார். வர்ற போன எடுக்கறேன், அவ்ளோதான்."

"அப்ப காசு தானா நடந்து போயிடுச்சா?"

இருநூறு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தச் சிரிப்பு ஷிப்ட் பஸ் ஏறி எங்கே போய் இறங்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

2. ரீடிங் எடுத்தோம்

போனில் கடைசியாக அடித்த பத்து நம்பர்களைப் பார்த்தேன். எல்லாமே ஆபீஸ் சம்பந்தப்பட்டவை. ஆசாமி அழித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். உடனே ரெண்டு உத்தரவு போட்டேன். ஒன்று, இனிமேல் போனில் எதையும் யாரும் அழிக்கக் கூடாது. மெசேஜ், கால் லிஸ்ட், எல்லாம் எவிடென்ஸ். ரெண்டு, ஒவ்வொரு ஷிப்டும் பொறுப்பு மாற்றும்போது பேலன்ஸ் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் ஆயில் லெவலை எழுதுகிறோமே, அதே மாதிரி.

அட்மின் மேனேஜர் ரங்கநாதனுக்கு இது ரொம்பப் பிடித்தது. "இதுதான்யா சிஸ்டம்" என்றார். எதையாவது ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினால் அவருக்கு அது சிஸ்டம்.

ரெண்டு வாரம் ரீடிங் எடுத்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. மற்ற நாட்களில் பேசிய அளவுக்குத்தான் காசு குறைகிறது. வியாழக்கிழமை மட்டும், காலை ஆறுக்கும் மத்தியானம் ரெண்டுக்கும் நடுவில், முப்பது ரூபாய் ஒரே அடியாகக் காணாமல் போகிறது. அது ஏ ஷிப்ட். ஏ ஷிப்டில் கேட்டில் நிற்பவர் யேசுதாஸ். என் லாக் புக் அவர் கழுத்தில் நேராகப் போய் விழுந்தது.

ரங்கநாதன் செக்யூரிட்டி ஏஜென்சிக்கு லெட்டர் அடிக்கச் சொன்னார். வர்ற சனிக்கிழமையோடு ஆளை மாற்ற வேண்டும். லெட்டர் போகும் முன்பே கேள்விப்பட்ட ஏஜென்சி சூப்பர்வைசரோ, திருட்டுப் பேர் வாங்கினவனுக்கு வேறு எந்த கேட்டிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார். யேசுதாஸின் அப்பா காலம்வரை கவரைப்பேட்டைப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மாதச் சம்பளம் என்று ஒன்றை அந்த வீட்டில் முதலில் கண்டவர் அவர்தான். ரெண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் லெட்டரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த லெட்டரை டைப் அடித்தவர் டைம் ஆபீஸ் பர்வீன். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். எங்கள் மில்லில் இங்கிலீஷை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். மேனேஜர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"சார், யேசுதாஸ் அண்ணன் ரெண்டு வாரமா சோத்து டப்பா கொண்டாறதில்ல. கவனிச்சீங்களா?" என்றார்.

"ஏன், நாஷ்டா மாதிரி மத்தியானச் சோறும் டீக்கடையிலயே பார்த்துக்கறானா?"

"பன்னும் டீயும்தான் துன்றாரு. ஊட்ல சண்டையாம். நீங்க கேட்ல கத்துனத பஸ்ல போனவங்க அவரு தெருவுல போய் சொல்லிட்டாங்க. அவங்க ஊட்டம்மா 'அந்தச் சின்ன ஊட்டுக்காரியே சோறு கட்டட்டும்'னுட்டாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. அதை வெளியே காட்டினால் நான் ஃபோர்மேன் இல்லையே. "தப்பு பண்ணவன் அனுபவிக்கறான்" என்று சொல்லிவிட்டு சப்-ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

3. பூட்டு யேசுதாஸுடையது

புதன்கிழமை யேசுதாஸ் சப்-ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அங்கே அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்று போர்டு வைத்தவனே நான்தான்.

"சார், நீங்க லைன்ல கைய வெக்கறதுக்கு முன்ன இன்னா பண்றீங்க?"

"பிரேக்கர ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, 'இயக்காதே'ன்னு டேஞ்சர் டேக் அட்டைய மாட்டி, சாவிய என் பாக்கெட்ல வெச்சுப்பேன்."

"ஏன்?"

"எவனாவது தெரியாம ஆன் பண்ணா நான் பொணம். என் சாவி என் கைல இருந்தா எவனும் ஆன் பண்ண முடியாது."

"அதே மாதிரி நாளைக்கு அந்தப் போனுக்குப் பூட்டுப் போடுங்க சார். ஒரு பூட்டு உங்கள்து, ஒண்ணு என்னுது. காத்தால பேலன்ஸ் பாத்து உள்ள வெச்சுடலாம். பதினோரு மணிக்குத் தொறக்கலாம். காசு அப்படியே இருந்தா நான் திருடன். சனிக்கெழம வரைக்கும் வேணாம், நாளைக்கே போயிடறேன்."

இருபது வருஷமாக ட்ரெய்னிங் கிளாஸில் நான் பேசிய பாடத்தை, வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்தான் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சரி என்றேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ரங்கநாதன் முன்னால் பேலன்ஸ் பார்த்தோம். எழுபத்திரண்டு ரூபாய். சப்-ஸ்டேஷனில் என் சாவிகள் வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் போனை வைத்து ரெண்டு பூட்டுப் போட்டோம். அவசரத்துக்கென்று ரங்கநாதன் தன் சொந்த போனைக் கேட்டில் வைத்தார். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் தொலைத்தவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குத் திறந்தோம். பேலன்ஸ் நாற்பத்திரண்டு.

யேசுதாஸ் தன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார். ரங்கநாதன் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உண்மையாகவே தடவிப் பார்த்தார்.

பர்வீன்தான் போனை வாங்கினார். "சார், மேல இந்தக் கவர் படம் சிமிட்டிக்கினே கீதே, எத்தினி நாளா?"

"அது கெடக்குது ரொம்ப நாளா."

"இன்பாக்ஸ் ஃபுல்லுனு அர்த்தம் சார். பழைய மெசேஜ அழிச்சாத்தான் புதுசு உள்ள வரும். யாரு அழிக்கக் கூடாதுன்னது?"

எவிடென்ஸ் என்று நான் போட்ட உத்தரவு, வந்த எவிடென்ஸையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

பர்வீன் ஒரு பழைய மெசேஜை அழித்தார். ரெண்டு நிமிஷம் காத்திருந்தோம். போன் கூவியது. அவர் இங்கிலீஷில் மனசுக்குள் படித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"பைக் ரேஸ் கேம்ஸ் கிளப்ல உங்க மெம்பர்ஷிப் இன்னும் ஏழு நாளைக்கு ரினியூ ஆயிடுச்சாம். முப்பது ரூபா எடுத்துக்கினாங்களாம். தொடர்ந்து ஓட்டுங்கன்றாங்க. பேரு போட்டிருக்கு சார்."

"யாரு பேரு?" என்றேன் அதட்டலாக.

"ஹெச்.டி. கிங்."

எல்லோரும் மேஜைக்குக் கீழே பார்த்தார்கள். அங்கே என் டூல் பாக்ஸ் இருந்தது. ஹை டென்ஷன் லைனுக்கு இந்த சிப்காட்டில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பில், அதன் மூடியில் சிவப்பு பெயிண்டால் கொட்டை எழுத்தில் ஹெச்.டி. கிங் என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

4. ஓகே

நடந்தது இதுதான். விரல் நசுங்கிய அந்த வாரம் திங்கட்கிழமை ஈ.பி. ஷட்டவுன். லைன் எப்போது வரும் என்று ஈ.பி. ஆபீசிலிருந்து சொல்வதற்காகக் கேட் போனை நான் வாங்கி வைத்திருந்தேன். கரண்ட் இல்லை, வேலை இல்லை. போனை நோண்டினேன். நெட்டில் ஓட்டும் பைக் ரேஸ் ஒன்று வந்தது. மூன்று நாள் இலவசம் என்றிருந்தது. ஓகே அழுத்தினேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். ஏதோ நாலு வரி இங்கிலீஷ் வந்தது, அதற்கும் ஓகே. இன்னொரு நாலு வரி, இன்னொரு ஓகே. ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். லைன் வந்தது. போனைக் கொடுத்துவிட்டு, ஓட்டியதையே மறந்துவிட்டேன். மூன்று இலவச நாள் முடிந்து, வியாழன் பிறந்தது.

கஸ்டமர் கேருக்கு அடித்தோம். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று மில்லைச் சுற்றுகிற மாதிரி சுற்றவிட்டபின் ஒரு பெண் கிடைத்தார்.

"ட்ரையல் முடிஞ்சதும் தானாவே ரினியூ ஆகும் சார். நீங்க வேணாம்னு சொல்லல."

"வேணும்னும் சொல்லலியேமா!"

"வேணாம்னு சொல்லாட்டி வேணும்னுதான் சார் எடுத்துப்போம். நீங்களே மூணு தடவ ஓகே குடுத்திருக்கீங்க."

அந்தக் கம்பெனியைத் திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. அந்த கிளப்பை உடனே வெட்டச் சொல்லிவிட்டுத் திட்டினேன். இன்றைக்கும் திட்டுவேன். இலவசம் என்று பெரிய எழுத்தில் கூப்பிட்டு, காசை மட்டும் சின்ன எழுத்தில் கேட்பவன் யோக்கியன் இல்லை. ஆனால் யேசுதாஸைப் பெரிய எழுத்தில் கூப்பிட்டவன் நான். அதற்கு கஸ்டமர் கேரில் நம்பர் இல்லை.

ரங்கநாதன் லெட்டரை நாலாகக் கிழித்தார். "சரி, மேட்டர் குளோஸ். எல்லாரும் வேலையப் பாருங்க" என்றார்.

யேசுதாஸ் நகரவில்லை. "குளோஸ் ஆவல சார்."

"இன்னும் இன்னாய்யா?"

"கேட்ல வெச்சுக் கத்துனாரு. ரெண்டு மணிக்குக் கத்துனாரு. இங்க நாலு பேரு முன்ன முடிச்சா எப்படி? கேட்லயே சொல்லட்டும். அதே தொண்டையில."

5. ரெண்டு மணி

ரெண்டு ஷிப்டும் கேட்டில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும்போது ஸ்டூல் மேல் ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்க! யேசுதாஸ் ஒரு பைசா எடுக்கல! சின்ன ஊடும் இல்ல, பெரிய ஊடும் இல்ல! பைக் ரேஸ் ஆடுனவன் நானு! காசு போனது என்னால! பஸ்ல போறவங்க அவரு தெருவுல போய் இதையும் சொல்லுங்க!"

பின்வரிசையிலிருந்து எவனோ கேட்டான்: "ரேஸ்ல இன்னா நைனா, ஜெயிச்சியா?"

முதல் தடவையை விடப் பெரிய சிரிப்பு. இந்த முறை யேசுதாஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான், மூணு வாரமாக அவர் முகம் எப்படி இருந்தது என்பதே எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஸ்டூலை விட்டு இறங்கும் சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கேட்டைத் தாண்டும்போது பார்த்தேன். போனில் என்னுடைய டேஞ்சர் டேக் ஒன்று தொங்கியது. 'இயக்காதே' என்ற எழுத்துக்குக் கீழே பெயர் எழுதும் இடத்தில், யேசுதாஸ் பால் பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார். ரங்கநாதன் கழற்றச் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

மத்தியானம் அவர் மேஜையில் டப்பா இருந்தது. என்னைக் கூப்பிட்டு மூடியைத் திறந்தார். சோற்றின் மேல் ரெண்டு துண்டு வறுத்த மீன்.

"ஒண்ண அந்த கிங்குக்குக் குடுன்னா எங்க ஊட்டம்மா."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எந்த பட்டனாக இருந்தாலும், அதன் அடுத்த முனையில் யார் கை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். நான் அழுத்திய ஓகேயின் அடுத்த முனையில், கவரைப்பேட்டையில் ஒரு வீட்டில், மூணு வாரம் சோற்று டப்பா காலியாக இருந்தது.

மீனைச் சாப்பிட்டேன். முள்ளோடு சேர்த்துத் திட்டும் இருக்கும் என்று நினைத்தேன். உப்பு, காரம், எல்லாம் சரியாக இருந்தது.